கண்ணாடி பார்க்காத கெட்ட ராணிகள்

ஜூலை 10, மாலை 6:15 (வாசகர் கேள்வி)

"என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிக்கூடத்தில் ஸ்னோ ஒயிட் நாடகம். சுதந்திர தினத்துக்கு ஏன் ஸ்னோ ஒயிட்னு என்னைக் கேக்காதீங்க. இவளுக்குக் கெட்ட ராணி வேஷம். ரெண்டு நாளா அழறா. இந்தக் கெட்ட ராணி சமாச்சாரமே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே? நம்ம கதையில ராணின்னா பத்தினி, இல்லன்னா வீராங்கனை. சரிதானே?"

ஜூலை 10, இரவு 9:50

சரிதான் என்று நினைக்கிறேன். அந்த ராணி அளவுக்கு அசல் கெட்டவள் நம்மிடம் கிடையாது. கிரிம் சகோதரர்கள் எழுதிய கதையில் அவள் வேட்டைக்காரனை அனுப்பி, மாற்றாள் மகளின் நுரையீரலையும் ஈரலையும் கொண்டுவரச் சொல்கிறாள். அவன் காட்டுப்பன்றிக் குட்டியுடையதைக் கொண்டுவந்து நீட்ட, உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றும் விடுகிறாள். 1937-ல் டிஸ்னி படமெடுத்தபோது சமையலை விட்டுவிட்டு, ஒரு பெட்டிக்குள் பன்றி இதயம் என்று நாசூக்காக முடித்துக்கொண்டார்கள்.

நம்ம பக்கம் கைகேயி ஒருத்தி. அவளையும் முழுக்கக் கெட்டவளாக்கக் கம்பருக்கு மனசு வரவில்லை. ராமனுக்குப் பட்டாபிஷேகம் என்று மந்தரை வந்து சொன்னதும் சந்தோஷத்தில் மாலையைக் கழற்றிக் கொடுக்கிறாள். அப்புறம் மனசு மாறுகிற அந்த இடத்திலேயே அவளை "தூமொழி மடமான்" என்கிறார். கெட்டவளைக் கூப்பிடுகிற பேரா அது?

பொண்ணு அழட்டும், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஜூலை 10, இரவு 11:35

மேலே எழுதினதை வாபஸ் வாங்குகிறேன். படுத்தபிறகு ஞாபகம் வந்தது, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மூளி அலங்காரி! நல்லதங்காளின் அண்ணி. ராஜா நல்லதம்பியின் பெண்டாட்டி, அதாவது ராணிதான். யார் மறந்தாலும் நான் மறக்கக்கூடாது. எங்கப்பா இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேஷம் கட்டியவர்.

மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன். காலையில் பட்டறையில் ஆர்டர் இருக்கிறது.

ஜூலை 12, இரவு 10:10

அப்பா தாரமங்கலம் பக்கத்தில் ஒரு கூத்து செட்டில் பெண் வேஷக்காரர். தை அறுப்பு முடிந்து கிளம்பினால் ஆடி வரைக்கும் வீட்டில் சரியாகப் பார்க்க முடியாது. நல்லதங்காள் வேஷத்துக்கு வேறொருத்தர் இருந்தார், குரல் தேன். அப்பாவுக்கு எப்போதும் அலங்காரிதான்.

கதை தெரியாதவர்களுக்காக: பன்னிரண்டு வருஷப் பஞ்சம். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி புழுத்த கேழ்வரகும், உடைந்த திருகையும், ஓட்டைச் சட்டியும், எரிக்கப் பச்சை வாழைமட்டையும் எடுத்துக் கொடுக்கிறாள். எங்கப்பா ஆடினதில், கூழ் காய்ச்சி முடித்ததும் அலங்காரி வந்து அதையும் எட்டி உதைப்பாள், பிள்ளைகள் தரையிலிருந்து வழித்துத் தின்னும். அப்புறம் கிணறு. ஏழு பிள்ளைகளையும் தூக்கிப் போட்டுவிட்டு அவளும் விழுவாள்.

அந்தக் கேழ்வரகு அளக்கிற இடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்பா அங்கே கத்தமாட்டார். பபூன் வந்து என்னென்னவோ சீண்டுவான், அதற்கும் பதில் கிடையாது. படியை எடுத்து, குவியலாக ஒரு படி அள்ளுவார். கூட்டம், பரவாயில்லையே, மனசு இறங்கிட்டாளே என்று பார்க்கும். அப்போது வலது கையைப் படியின் விளிம்பில் வைத்து மெதுவாக ஒரு இழுப்பு. குவியல் தலைதட்டி விழும். நின்று, படியைப் பார்ப்பார். திரும்பவும் ஒரு இழுப்பு. இரண்டாவது தடவை விழுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஆனாலும் இழுப்பார். அங்கேதான் கூட்டத்தில் பெண்கள் வாய்விட்டுத் திட்ட ஆரம்பிப்பார்கள்.

ஒரு ஊரில் காலையில் வேஷம் கலைத்துவிட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் கேட்டிருக்கிறார். காதுமடலில் அரிதாரம் ஒட்டியிருந்திருக்கிறது. அந்தக் கிழவி அடையாளம் கண்டுகொண்டு, "ஏழு புள்ளைய முழுங்கினவளுக்கு மோர் ஒரு கேடா" என்று சொம்பை உள்ளே எடுத்துப் போய்விட்டாளாம். அப்பா செத்துப்போகிற வரை இதை விருது வாங்கினமாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, நம்ம ஊரில் கெட்ட ராணி உண்டு. நன்றாகவே உண்டு.

ஜூலை 12, இரவு 10:25

விட்டுப்போனது: மூளி அலங்காரி என்கிற பேரைக் கவனித்தீர்களா? மூளி என்றால் நகையில்லாத காது, அறுந்த காது. அலங்காரி என்றால் நகை பூட்டியவள். வெள்ளி வேலை செய்கிறவனுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். பேர் வைக்கும்போதே ஒரு கையால் நகையைப் போட்டு இன்னொரு கையால் பிடுங்கியிருக்கிறார்கள்.

ஜூலை 14, மதியம் 2:00

முதல் குறிப்பில் "மாற்றாள் மகள்" என்று எழுதினேன். தப்பு இல்லை, பாதி தப்பு. 1812 முதல் பதிப்பில் அந்த ராணி ஸ்னோ ஒயிட்டைப் பெற்ற தாயேதான். 1819 பதிப்பில்தான் கிரிம் சகோதரர்கள் பெற்றவளைப் பிரசவத்தில் சாகவிட்டு, ராஜாவுக்கு ஒரு வருஷத்தில் மறு கல்யாணம் செய்துவைத்து, பழியை இரண்டாந்தாரத்தின் தலையில் கட்டினார்கள். பெற்றவள் பிள்ளையின் ஈரலைத் தின்றாள் என்று வீட்டில் வைத்துப் படிக்க முடியாதே.

அந்த ராஜா கல்யாணத்துக்குப் பிறகு கதையில் என்ன ஆனான்? தேடிப் பாருங்கள். ஆளே இல்லை.

ஜூலை 15, இரவு 9:00

மேட்டூர்க்காரர் ஒருத்தர், தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர், தனியாக எழுதிக் கேட்டார்: "மணிமேகலை படிச்சதில்லையா தம்பி?" படித்தேன், பரீட்சைக்கு. அவர் சொன்ன இடத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். சிறைவிடு காதை.

மகன் உதயகுமாரன் மணிமேகலை பின்னால் அலைந்து வெட்டுப்பட்டுச் செத்துவிட்டான். அவன் அம்மா, சோழ ராணி இராசமாதேவி, நல்லவள்போலப் பேசி மணிமேகலையைச் சிறையிலிருந்து தன் அரண்மனைக்குக் கூட்டிவருகிறாள். பித்துப் பிடிக்க மருந்து கொடுக்கிறாள், பலிக்கவில்லை. காசு கொடுத்து ஒருவனை அனுப்பி மானத்தைக் கெடுக்கப் பார்க்கிறாள், அதுவும் இல்லை. நோய் என்று சொல்லிப் புழுக்கறையில் அடைத்துச் சோறு போடாமல் விடுகிறாள். மூன்று தடவை! ஸ்னோ ஒயிட்டுக்கும் கச்சை நாடா, விஷச் சீப்பு, ஆப்பிள் என்று மூன்று தடவைதான்.

ஆனால் முடிவு வேறே. கிரிம்மில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி ராணியைச் சாகும்வரை ஆடவிடுகிறார்கள், அதுவும் கல்யாண வீட்டில். இங்கே மணிமேகலை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறாள். நீ அழுதது உடம்புக்கா, உயிருக்கா? உடம்புக்கென்றால் அதைக் கொண்டுபோய்ச் சுட்டது யார்? ராணி வாயடைத்துப்போய்க் கடைசியில் கும்பிட எழுகிறாள். விவாதத்தில் தோற்றுத் திருந்திய கெட்ட ராணி வேறு எங்கேயும் இருக்கிறாளா தெரியவில்லை. இணையத்தில் நிச்சயமாக இல்லை.

ஜூலை 15, இரவு 9:10

இராசமாதேவியைக் கெட்டவள் என்று நானே எழுதிவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள். சரி, அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 18, காலை 7:30

ஆடி பிறந்துவிட்டது, கொலுசு ஆர்டர் குறைவு, உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் கோப்பெருந்தேவியைக் கெட்டவள் என்று யாரும் சொல்வதில்லை, புருஷனோடு செத்தவள். ஆனால் கொலை எங்கே ஆரம்பிக்கிறது பாருங்கள். ஆடல் பார்த்துக்கொண்டிருந்த ராஜா மேல் ஊடல். தலைவலி என்று சொல்லிவிட்டு அந்தப்புரம் போய்விடுகிறாள். ராஜா சமாதானப்படுத்த ஓடுகிறான். வழியில் பொற்கொல்லன் மடக்குகிறான். ராஜாவுக்கு அவசரம், விசாரிக்காமல் உத்தரவு போடுகிறான். ஒரு பொய்த் தலைவலியில் ஒரு ஊரே எரிந்தது என்று எங்கள் தெருவில் ஒருத்தர் உபந்நியாசமே பண்ணுவார். விசாரிக்காத ராஜா அதில் இரண்டாம்பட்சம். ராஜாவே "யானே கள்வன்" என்று ஒப்புக்கொண்டு செத்தான், உபந்நியாசக்காரர்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

பொற்கொல்லனைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். எங்கள் தொழிலுக்கு அது ஆயிரத்து சொச்ச வருஷத்துக் கெட்ட பேர். கால் நகையில் வேறு வந்திருக்கிறது.

ஜூலை 18, காலை 7:45

பொடி வைத்து ஊதுவது என்கிறோமே, பட்டறையில் அது பற்றவைக்கிற வேலை. பொடியை இணைப்பில் வைத்து, குழலால் நெருப்பை ஊதினால் இரண்டு துண்டும் ஒன்றாகிவிடும். ஒட்டின இடம் தெரியாது. மந்தரை செய்தது அதைத்தான். சின்ன வயசில் ராமன் வில்லுண்டையால் கூனில் அடித்த ஆத்திரம் அவளுடையது. கைகேயிக்கு ஆத்திரமே கிடையாது. இரண்டையும் பற்றவைத்துவிட்டாள்.

இன்னொன்று. வால்மீகியில் சித்திரகூடத்தில் ராமனே பரதனிடம் சொல்கிறான், உன் அம்மாவைக் கட்டும்போதே அப்பா உன் தாத்தாவுக்கு ராஜ்ஜியத்தை வாக்குக் கொடுத்திருந்தார் என்று. அப்படியானால் அவள் கேட்டது பழைய பாக்கி. பாக்கி கேட்டவள் கெட்டவள். பாக்கியை மறைத்து, மகன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து முகூர்த்தம் குறித்தவர் சத்தியசந்தர். வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்கு இது புதுசில்லை.

ஜூலை 21, இரவு 10:00

ஏற்காடு போய்விட்டு வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் நான் இந்தக் கதையையே பேசிக்கொண்டு வந்ததாக வீட்டில் புகார். மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்கிற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வாசலைத் தாண்டும்போது 1950-ல் வந்த மந்திரி குமாரியை இழுத்தேன். கெடுதல் செய்கிறவன் ராஜகுரு, ராஜா அவன் கைப்பொம்மை. குண்டலகேசியிலிருந்து எடுத்த கதை: மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிட நினைக்கிற புருஷனை, கடைசியாக மூன்று சுற்று சுற்றிக் கும்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி பெண்டாட்டி பின்னாலிருந்து தள்ளிவிடுவாள். கொலைதான். ஆனால் அவள்தான் கதாநாயகி. முதலில் நினைத்தது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று விளக்கினேன்.

லேடீஸ் சீட்டில் கம்பி ஓரம் நின்று சேலம் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டம்மா அமைதியாக என்னைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். இரண்டாவது சுற்றில் நான் காருக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 24, இரவு 8:40

"பழுவூர் இளையராணி நந்தினியை விட்டுட்டீங்களே" என்று ஒருத்தர். விடவில்லை, அவளைப் பற்றி எழுதினால் அடிதடி ஆகும் என்று ஒதுங்கியிருந்தேன். அவள் கல்கியின் கற்பனை. ஆதித்த கரிகாலன் கொலைக்குக் கல்லில் இருக்கிற சாட்சி உடையார்குடிக் கல்வெட்டு. அதில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று ஆண் பேர்கள். நிலத்தைப் பறிமுதல் செய்த கணக்கு. ராணி யாரும் இல்லை. ஆயிரம் வருஷம் கழித்து நாவல் எழுதும்போதுதான் வாசலில் ஒரு அழகி வந்து நிற்கிறாள். அவள் இல்லாமல் கதை ஓடியிருக்காது என்பதும் நிஜம்தான். நானே அவளுக்காகத்தான் ஐந்து பாகமும் படித்தேன்.

ஜூலை 27, இரவு 11:00

இத்தனை எழுதினதில் ஒன்று தோன்றுகிறது. அவர்கள் ஊர் ராணிக்குக் கண்ணாடி, நம்ம ஊர் ராணிக்குப் படி. அங்கே என்னைவிட அழகி யார் என்று சண்டை. இங்கே அழகைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. யார் பிள்ளைக்கு ராஜ்ஜியம், யார் பிள்ளைக்குக் கூழ், களஞ்சியச் சாவி யார் இடுப்பில். கைகேயி, அலங்காரி இரண்டு பேரும் பங்கு பிரிக்கிற பெண்கள். துருவனை அப்பா மடியிலிருந்து இறக்கிவிட்ட சுருசியும் அப்படித்தான், மடியும் ஒரு பங்குதானே.

சாரங்கதரனைக் கைகால் வெட்டவைத்த அவன் மாற்றாந்தாய் சித்ராங்கி இதில் அடங்கமாட்டாள், அவள் விவகாரம் வேறு. நந்தினியும் அடங்கமாட்டாள். அல்லி கெட்டவளே இல்லை, ஆம்பளையே வேண்டாம் என்று மதுரையை ஆண்டவள். தூங்கும்போது தாலி கட்டிய அர்ச்சுனன்தான் அதில் ஹீரோ. வீட்டில் பொம்பளை பேச்சு எடுபட்டால் இன்றைக்கும் "அல்லி ராஜ்ஜியம்" என்று நக்கல்.

எல்லாக் கதையிலும் படி அளக்கிற நேரத்தில் ராஜா வீட்டில் இல்லை. நல்லதம்பி வேட்டையில். திரும்பி வந்து பெண்டாட்டியைத் தண்டித்து நல்லவனாகிவிடுகிறான்.

ஜூலை 28, காலை 6:10

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ராஜா இருக்கமாட்டார். தையிலிருந்து ஆடிவரை அப்பா ஊர் ஊராகப் போவார். அம்மாதான் அரிசிப் பானை. நாங்கள் நாலு பிள்ளைகள். சாயங்காலம் உலைக்கு அரிசி எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்போம். படியில் அள்ளுவாள், விளிம்பில் கை வைத்து ஒரு இழுப்பு. தலைதட்டி. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இன்னொரு இழுப்பு. அப்பா எப்போதாவது விடியற்காலையில் வந்தால் மடியில் பொரியுருண்டை இருக்கும். எங்களுக்கு யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதில் அப்போது சந்தேகமே இருந்ததில்லை.

அம்மா அப்பாவின் நல்லதங்காளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். படி அளக்கிற இடம் முடிந்ததும் எங்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கிணற்றை நாங்கள் பார்க்கவே இல்லை. வழியில் நான் அலங்காரியைத் திட்டிக்கொண்டே வந்தேன். அம்மா, "அவ வூட்டுல எத்தினி படி இருந்துச்சோ, யாரு கண்டா" என்றாள்.

நாற்பது வருஷம் கழித்து இப்போதுதான் எனக்கு உறைக்கிறது, அப்பா அந்தக் கையை எங்கிருந்து எடுத்தார் என்று.

ஜூலை 28, இரவு 9:00

வாத்தியார் ஐயா திருத்துகிறார்: பஞ்சம் நல்லதங்காள் புகுந்த ஊரில். அண்ணன் ராஜ்ஜியம் செழிப்பு, களஞ்சியம் நிறைய நெல். எத்தனை படி இருந்ததோ என்ற கேள்வியே எழாது, அலங்காரிக்குச் சாக்கு கிடையாது.

சரிங்கய்யா. கதைப்படி நீங்கள் சொல்வதுதான் சரி. அம்மா கதைப்படி பேசவில்லை.

ஆகஸ்ட் 5, இரவு 10:30

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். "எல்லாம் சரி சார், எம்பொண்ணு இன்னும் அழறா. அந்த ராணியும் பாவம்தான், அவளுக்கும் கஷ்டம் இருந்திருக்கும்னு சொல்லிப் பார்த்தேன். அதுக்கும் அழறா."

அதைச் சொல்லாதீர்கள். நானும் ஒரு மாசமாக ஒவ்வொருத்திக்கும் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன், ஆனால் வேஷம் கட்டுகிறவளுக்குச் சாக்கு கொடுத்தால் வேஷம் செத்துவிடும். அப்பா அலங்காரிக்காக ஒரு நாளும் இரக்கப்பட்டதில்லை. திட்டு வாங்குவதுதான் அவருக்குக் கூலி. கெட்டவள் கெட்டவளாகவே இருக்கட்டும். கையில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். ஆப்பிளை நீட்டுவதற்கு முன்னால் முந்தானையில் துடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நன்றாக, சுற்றிச் சுற்றி, பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை. கத்தவே வேண்டாம்.

ஆகஸ்ட் 12, இரவு 11:20

சேலத்தில் குகை என்கிற பேட்டையில் வண்டி வேடிக்கை பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தோம். ஒவ்வொரு வண்டியிலும் சிவன், பார்வதி, முருகன், அம்மன் என்று வேஷம் கட்டி நிற்கிறார்கள். அத்தனை நேரம் இமைக்காமல் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை. கெட்ட ராணி ஒருத்திகூட இல்லை. மகிஷன் இருக்கிறான், அரக்கர்களுக்கு இடம் உண்டு. கைகேயியை யார் வண்டியில் ஏற்றுவார்கள்?

அம்மாவையும் கூட்டிப் போயிருந்தோம். எண்பது தாண்டிவிட்டது, கூட்டத்தில் நிற்க முடியாமல் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தாள். அங்கே வைத்துக் கேட்டேவிட்டேன். "அப்பா அலங்காரில படி தலைதட்டுவாரே, அது உன் கைதானேம்மா? உன்னைப் பார்த்துத்தானே கத்துக்கிட்டாரு? அதனாலதானே அன்னிக்குப் பாதியில எந்திரிச்சு வந்த?"

அம்மா ஒரு தட்டுவடையை முழுக்க மென்று முடித்தாள்.

"எங்கையின்னு எவன் சொன்னான்? அது உங்க அப்பாயி கையி. நான் வாக்கப்பட்டு வந்த அன்னிக்கு எனக்கு அரிசி அளந்து போட்டாளே, அந்தக் கையி. உங்கப்பன் தூணுகிட்ட நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தாரு. ஒண்ணும் கேக்கல. கொண்டுபோயி கூத்துல வெச்சாரு."

"அப்ப நீயும் அப்படித்தானே அளந்த?"

"பின்ன? நாலு வயிறு. வேற எப்பிடி அளக்குறது?"

ஜூலை 28 குறிப்பை அழிக்கலாமா என்று யோசித்தேன். கிடக்கட்டும். ராஜா வீட்டில் இல்லை என்று ஜூலை 27-ல் எழுதினதைத்தான் திருத்தவேண்டும். இருந்திருக்கிறார், தூணுக்குப் பக்கத்தில்.

ஆகஸ்ட் 16, காலை 8:00

நாடகம் நன்றாக நடந்ததாம். ஆப்பிளை இரண்டாவது தடவை துடைத்தபோது முன்வரிசையில் எல்கேஜி பையன் ஒருத்தன் எழுந்து நின்று "திங்காதக்கா" என்று கத்தியிருக்கிறான். பொண்ணுக்குத் தலைகால் புரியவில்லை, அடுத்த வருஷமும் அதே வேஷம் வேண்டுமாம்.

அம்மாவிடம் சொன்னேன். நெச ஆப்பிளா, பொம்மையா என்று கேட்டாள். நெச ஆப்பிள்தான், கிலோ இருநூறு ரூபாய் என்றேன்.

"அந்த வெலைக்கு ரெண்டு தரம் தொடைக்கலாம், தப்பில்ல."